சாணம் சொன்னதை நம்பினோம்

டெக்சாஸில் எனக்கு வாய்த்த வேலை இரண்டு பரிசோதனைகளை ஒப்பிடுவது. மாட்டை ஓயாமல் கழிய வைத்தே உருக்கிவிடும் ஜோனிஸ் நோய்க்கு, ரத்தம் ஒரே நாளில் பதில் சொல்லும். சாணத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்க நான்கு மாதம். இரண்டும் முரண்படும் மாடுகள்தாம் எங்கள் ஆய்வுக்கு ருசி.

தொண்ணூற்று நாலில் அப்படி முரண்பட்டது எனக்குத் தெரிந்த மாடு. ஹூஸ்டனுக்கு வெளியே, நம்மூர் ஹார்ட் டாக்டர் ஒருவரின் நிலத்தில் ஐந்து பசுக்கள். நானே போய் ரத்தமும் சாணமும் எடுத்து வந்திருந்தேன். அந்த டாக்டர் அங்கிள் மாடு வைத்திருந்தது, மாடு மேயும் நிலத்துக்குக் கிடைக்கும் வரிச் சலுகைக்காக. அவர் மனைவி ஆன்டி, பொட்டு வைத்துக் கும்பிட.

"டாக்ஸுக்காக வாங்கினேன், இப்போ என்னைவிட அதுக்குத்தான் மரியாதை" என்பார் அங்கிள்.

ஐந்தில் செவலைப் பசுவுக்கு ரத்தத்தில் நோய் இருந்தது. சாணத்தில் இல்லை.

ஆன்டி போன் செய்தார். "ஏம்மா, நீ வெட்டினரி படிச்சவ. எந்த டெஸ்ட்டை நம்பறது?"

நோயுள்ள மாடு எல்லா நாளும் கிருமியைக் கழிப்பதில்லை. சாணத்தில் இல்லையென்றால் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். பிரித்துக் கட்டுங்கள், மறுபடி பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் நோய் என்று வந்தால்? அங்கே வேண்டாத மாடு போக ஒரே இடம்தான் உண்டு. அந்த இடத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"லேப்ல சாணத்துக் கல்ச்சரைத்தான் பெருசா நம்புவாங்க ஆன்டி. கவலைப்படாதீங்க."

"வயித்துல பாலை வார்த்தேம்மா."

அந்தக் குளிரில் மற்றப் பசுக்கள் இரண்டு கன்று போட்டன. செவலை கழித்த அதே தரையில் விழுந்து, அதே புல்லை முகர்ந்து வளர்ந்தன.

நான்கு வருடம் கழித்து ஆன்டி கூப்பிட்டதால் போனேன். செவலை எலும்பாகப் படுத்துக் கிடந்தது. அந்தக் கன்றுகள் இரண்டும் பெரிய கிடேரிகளாகி ஓயாமல் மேய்ந்தன. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. விலா தெரிந்தது, வால் நனைந்திருந்தது. ஆன்டி என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கே இவளை அனுப்பியிருந்தா அந்த ரெண்டும் பொழைச்சிருக்குமா?"

"பொழைச்சிருக்கும்னுதான் நினைக்கறேன், ஆன்டி."

"அன்னிக்கு உனக்கு சந்தேகம் இருந்துதா?"

"இருந்தது."

ஆன்டி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து செவலையின் பின்னங்கால்களைக் கழுவ உட்கார்ந்தார். நானும் குனிந்து வாளியைத் தொட்டேன்.

"நீ வேணாம்மா" என்றார்.