காலித் தராசு காட்டிய எடை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் "அளந்து காட்டு, நம்புறேன்" என்பேன். என் வேலையே அதுதான். எடைத் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பது.

எங்கள் ஊர்க் குளிர்கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கித்தான் என் சித்தி என்னைப் படிக்க வைத்தாள். போன வருஷம் அதே கிடங்கின் குளிர் அறைக்குள் விறைத்துச் செத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்றார் முதலாளி. விசாரணையிலும் அப்படியே எழுதி முடித்தார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான் இருக்கிறது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

அங்கே தராசு சோதிக்க என்னை அனுப்பினார்கள். நான் யாரென்று முதலாளிக்குத் தெரியாது.

பட்டப்பகல். மணி 2.10. குளிர் அறை வாசலில் இருந்த மேடைத் தராசைத் துடைத்தேன். மேலே ஒன்றுமில்லை.

41.3 கிலோ.

பூஜ்யம் ஆக்கும் பொத்தானை அழுத்தினேன். 0.0. இரண்டு நொடி. மறுபடி 41.3.

ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். மின்சாரத்தைப் பிடுங்கி மாட்டினேன். இருபது கிலோ படிக்கல்லை வைத்தேன். 61.3. எடுத்தேன். 41.3. பழுதான தராசு இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யாது.

பிறகுதான் கவனித்தேன். கடைசி எண் ஆடியது. 41.2... 41.4... 41.2...

மூட்டை வைத்தால் அப்படி ஆடாது. ஆள் நின்றால் ஆடும். மூச்சு விடுகிற ஆள்.

2.25. முதலாளி வந்தார்.

"என்னம்மா, படிச்ச பொண்ணு! ஒரு தராசப் பாக்க இவ்வளவு நேரமா?"

"தராசு சரியாத்தான் இருக்கு சார். மேல யாரோ நிக்கிறாங்க."

சிரித்தார். "யாரு?"

"நீங்க உள்ள வச்சுத் தாழ்ப்பா போட்டீங்களே, அவங்க. எங்க சித்தி."

ஏன் சொன்னேனோ தெரியாது. வயிற்றெரிச்சல். அவர் முகம் செத்தது.

"லேட்டா வந்தா... பத்து நிமிஷம் உள்ள நின்னா புத்தி வரும்னு போட்டேன். மறந்துட்டேன்மா. அதுக்குக் காலம் பூரா நானா சுமக்கணும்?"

டொக்.

மேடையிலிருந்து ஆள் இறங்கும் சத்தம்.

0.0.

"பாத்தியா, சரியாயிடுச்சு!" வீம்புக்கு அவரே ஏறி நின்றார். "நான் எழுபத்தெட்டு. பாரு."

119.3.

இறங்கி ஏறினார்.

119.3.

அவர் தோள் இரண்டும் தொங்கின. முதுகு வளைந்தது.

"யாரும்மா கழுத்தப் பிடிக்கிறது... எடு... குளிருது..."

பின்னால் யாருமில்லை.

"நல்லா உக்காந்துக்கோ சித்தி" என்றேன். தராசுக்கு முத்திரை வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, அம்மா பெட்டியில் பூட்டி வைத்திருந்த பிரேதப் பரிசோதனை அறிக்கையை முதல் தடவையாகப் படித்தேன். உடல் எடை 41.3 கிலோ.

அதன் பிறகு மூன்று மருத்துவமனைகளிலிருந்து புகார் வந்தது. ஒரே நோயாளி, எந்தத் தராசில் ஏறினாலும் நாற்பது கிலோவுக்கு மேல் கூடுதலாகக் காட்டுகிறதாம். சோதிக்கப் போனது நான்தான்.

மூன்று தராசும் சரி.