திரையில் வந்த கன்னியம்மாவின் சேலை

சதுரங்கப்பட்டினம் டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பவள் கன்னியம்மா. காலையில் மீன் கூடை, சாயங்காலம் கொட்டகை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஓலைத் தட்டி ஒன்று உண்டு. அதற்கு மேல் ஆண்பிள்ளைத் தலை எதுவும் எட்டிப்பார்க்காமல் காவல் இருப்பதும் அவள் வேலைதான். எட்டிப்பார்த்தவர்களை விளக்குமாற்றால் அடித்திருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. கேட்டால், "அதெல்லாம் பொய். மூங்கிக் குச்சிதான்" என்பாள்.

நான் வடக்கே பல ஊர்களில் வேலை பார்த்து, சுற்றிவிட்டு அந்த வருஷம்தான் திரும்பியிருந்தேன். செங்கல்பட்டில் அப்பா வீட்டில் கால் தரிக்கவில்லை. அக்கா ரங்கநாயகியின் வீட்டுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் வாத்தியார். அங்கே போய் இருந்தேன். கல்யாணமாகாத பெண் அத்தனை காலம் எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் மனசுக்குள் கேட்டுக்கொண்டார்கள். கன்னியம்மா வெளியிலேயே கேட்டாள். முதல் நாள் அவளிடம், "இந்தாங்க டிக்கெட்" என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப் போயி இந்தாங்கன்னு சொல்றீங்க. இன்னா வேணும் உங்களுக்கு?"

"படம் பாக்கணும்."

"அத்த மட்டும் பாருங்க."

அக்கா என் கையைக் கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு வந்திருந்தது மீனவக் குப்பத்துக் கதை. கடற்கரைக் காட்சிகளை மகாபலிபுரத்துக்குத் தெற்கே, நாங்கள் உட்கார்ந்திருந்த மணலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எடுத்திருந்தார்கள். அதனால் கொட்டகையில் நெரிசல். படத்தின் முதல் பாதியில் கதாநாயகி வாயாடி. கதாநாயகன் அவள் கன்னத்தில் ஓர் அறை விடுகிறான், அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. ஆண்கள் பக்கம் அந்த அறைக்குக் கை தட்டியது. இரண்டாம் பாதியில் கல்யாணமாகி, எவனோ சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு அவன் அவளைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்துகிறான். அவள் கந்தல் சேலையோடு கடலை நோக்கி நடக்கிறாள். முகம் தெரிகிற வரைக்கும் நடிகை. தண்ணீர் வந்ததும் தூரத்துக் காட்சி, முதுகு மட்டும். அலை மேல் அலையாக வர, அந்த முதுகு இடது தோளைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போகிறது. வலது கை மார்போடு ஒட்டியிருக்கிறது.

"சாகப் போறச்சேகூட மாராப்பை விடலை பாரேன்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் விசில் பறந்தது. நனைந்த சேலையும் இடுப்பும்தான் அவர்கள் கண்ணில் பட்டவை. "ஆகா, இன்னா நடடா இது!" என்று கத்தியவன் வரதன் என்று குரலைக் கேட்டே அக்கா சொன்னாள். கட்டுமரக்காரன், கன்னியம்மாவின் புருஷன் செங்கல்வராயனுக்குச் சிநேகிதன்.

அப்போது அந்த முதுகு ஒரு அலையில் மேலெழும்பியது. சேலையின் பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, பெரிய கட்டம்போட்ட ஒட்டு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. லுங்கித் துணியில் வெட்டிப் போட்ட ஒட்டு.

விசில் நின்றுவிட்டது. அப்படி ஒரே வெட்டில் அறுந்த மாதிரி நின்றதை நான் எந்த ஊர்க் கொட்டகையிலும் கேட்டதில்லை. பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு தலையாக வாசலைப் பார்த்துத் திரும்பியது. அந்த ஒட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு மீன் விற்ற கன்னியம்மாவைப் பார்க்காதவர்கள் அந்த ஊரில் இல்லை.

கன்னியம்மா திரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தட்டிக்கு மேலே தலையை நீட்டி ஆண்கள் பக்கம் பார்த்தாள். யாரை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சினிமாவில் வந்தவளைப் பெண்கள் வாசலில் நிறுத்தினால் குடும்பப் பெண்கள் கொட்டகைக்கு வருவார்களா என்று கேட்டாராம். கொட்டகையில் சினிமாவைத் தவிர வேறு என்ன காட்டுகிறார் என்று நான் அத்திம்பேரிடம் கேட்டேன். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பஞ்சாயத்து கூடப்போவதாகவும் செய்தி வந்தது. கட்டினவனுக்குத் தெரியாமல் சினிமாக் கம்பெனிக்காரனோடு போனவள் என்று தீர்ந்துவிட்டால் வேலை மட்டுமல்ல, ஊரில் அவளோடு நின்று பேசவும் ஆள் இருக்காது.

எனக்கும் அவள் மேல் சந்தேகம்தான். போயிருப்பாள், ஆசை இருந்திருக்கும், அதில் என்ன தப்பு என்று என் மனசு அவளை மன்னிக்கப் பார்த்தது. போனது அவள்தான் என்று நானும் தீர்மானித்துவிட்டேன் என்பது பழைய கோட்டை மதிலருகே அவளைத் தேடிப்போய்ப் பேசின பிறகுதான் உறைத்தது. அவள் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போயிருந்தாலும் அது ஒண்ணும் குத்தமில்லே" என்றேன்.

"நான் போகல."

"சேலை உங்களுதுதானே?"

"சேல என்னுது. போன மாசியில கொடியில காயப்போட்டுட்டு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போனேன். வந்து பாத்தா காணோம். பக்கத்து வூட்டு எல்லம்மாதான் எடுத்துக்கினான்னு சண்ட போட்டு, இன்னிக்கு வரிக்கும் அவகூடப் பேச்சு இல்ல. பாவம், அவ எடுக்கல."

"பின்னே யாரு கட்டிண்டு நடந்தா?"

கன்னியம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இவளிடம் சொல்லலாமா என்று எடைபோடுவது முகத்தில் தெரிந்தது.

"யம்மா, இந்தக் கரையில எந்தப் பொம்பளயும் முழங்காலுக்கு மேல கடல்ல எறங்கமாட்டா. எறங்கினா வலைக்கு ஆகாதுன்னுவாங்க. எங்களுக்கு அல தாண்டவே தெரியாது. படத்துல போனது அல தாண்டத் தெரிஞ்ச ஆளு."

"ஆம்பளையா?"

"வலது கைய மாரோட வச்சிக்கினு போச்சே, பாத்தீங்களா? மாராப்புன்னுட்டாங்க எல்லாம். மாராப்பும் இல்ல, மானமும் இல்ல. பாய்மரம் வுழுந்து தோள் எறங்கின கை அது. மேல ஏறாது. அந்தக் கைக்கு நான் எத்தினி நாளு எண்ண தேச்சிக்கீறேன், எனக்குத் தெரியாதா?"

செங்கல்வராயன். கம்பெனிக்காரர்கள் கடலில் இறங்கப் பெண் தேடியிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. கந்தல் சேலை ஒன்று கொண்டுவந்தால் இவனே இறங்கலாம் என்றிருக்கிறார்கள். ஆண்கள் கடலிலும் பெண்கள் சந்தையிலும் இருந்த நேரம், கரையில் பார்க்க ஆளில்லை.

"வீட்டுல அவர்கிட்டே கேட்டீங்களா?"

"கேக்கல. நேத்து கொட்டாயில தட்டிக்கு மேல பாத்தேன். எல்லாரும் வாசலயே பாத்துக்கினு கீறாங்க, இவன் மட்டும் தலைய முழங்கால்ல வச்சிக்கினு குந்திக்கினு கீறான். பக்கத்துல வரதன். இவன் இடுப்பப் பாத்துதான் அவ்ளோ நேரமும் விசில் அடிச்சான். அதுக்கு அப்பால எப்படிச் சொல்லுவான், அது நான்தாண்டான்னு?" ஒரு நிமிஷம் சிரித்தாள். சிரிப்பு உடனே போய்விட்டது. "பஞ்சாயத்துல எனக்கு அவன்தான் பதில் சொல்லணும். பொம்பள பேசக்கூடாது. அவனே சொல்றானா இல்லியான்னு பாக்கணும்."

"சொல்லலேன்னா?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பஞ்சாயத்து அன்று பிற்பகலே கரையில், கட்டுமரங்களுக்கு நடுவே கூடியது. ஆண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் வலை காயும் இடத்துக்கு அப்பால் நின்றார்கள். நானும் அங்கேதான் நின்றேன். வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் சின்னையன் தொண்டையைச் செருமினார்.

"செங்கல்வராயா. ஊரே பாத்துக்கீது. சேல உம் பொண்டாட்டிதுதானே?"

"ஆமா."

"அப்போ போனவ அவதானா?"

செங்கல்வராயன் எழுந்து நின்றான். நல்ல உயரம். வலது கை மார்போடு ஒட்டியிருந்தது. அவன் கடலைப் பார்த்தான், மணலைப் பார்த்தான். கன்னியம்மா நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை. வரதன் அவன் காலைத் தட்டி, "சொல்லு மச்சான், பயப்படாத" என்றான்.

"தெரியாமப் பண்ட்டா" என்றான் செங்கல்வராயன். "நான் மன்னிச்சிட்டேன். ஊரும் மன்னிக்கணும்."

வட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "பெரிய மனசுடா ஒனக்கு" என்றான் வரதன். படத்தின் கடைசியில், கடலிலிருந்து காப்பாற்றப்பட்ட பெண்டாட்டியைக் கதாநாயகன் மன்னித்தபோதும் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதே முனகல்தான் வந்தது. அப்போது அக்காவும் அழுதாள்.

சின்னையன் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார். கொட்டகைப் பக்கமே அவள் போகக்கூடாது, ஊர் நடுவில் விழுந்து கும்பிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டு வரும்போது, கன்னியம்மா வலைகளைத் தாண்டி வெளியே வந்தாள்.

"ஏய், பொம்பள இங்க பேசக்கூடாது."

"பேசல. நான்தான் போனேன்னீங்களே, எப்பிடிப் போனேன்னு காட்டறேன்."

கடலைப் பார்த்து நடந்தாள். யாருக்கும் முதலில் விளங்கவில்லை. கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது, அவள் நிற்கவில்லை. பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஆண்கள் எழுந்து நின்றார்களே தவிர, ஒருத்தன்கூட நகரவில்லை. முதல் அலை அவளை நெஞ்சில் அறைந்து மல்லாத்தியது. எழுந்தாள். எழுந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அடுத்த அலைக்கு நேராக நின்றாள். கடல் தெரியாத நானே அப்படி நிற்கமாட்டேன். அது அவளை உருட்டிக்கொண்டு வந்து, திரும்பும்போது கூடவே உள்ளே இழுத்தது.

"ஐயையோ, இவளுக்கு அல தாண்டவே தெரியலியே!" என்று கத்தினாள் எல்லம்மாள். "படத்துல போனது இவ இல்லடி! வேற யாரோடி அது!"

கன்னியம்மாவின் தலை தெரியவில்லை. செங்கல்வராயன் அப்போதுதான் ஓடினான். வட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, தண்ணீரில் இறங்கி, இடது தோளைச் சாய்த்து, வலது கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அலையைப் பிளந்து உள்ளே போனான்.

கரையில் எல்லோரும் அந்த முதுகைப் பார்த்தார்கள். முந்தின நாள்தான் பார்த்திருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவன் ஒற்றைக் கையால் அவள் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டான். அவள் உப்புத்தண்ணீரைக் கக்கினாள். எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. பிறகு ஒரு சிரிப்பு. அப்புறம் ஊரே சிரித்தது.

"அடப்பாவி மச்சான்! ஒன்னப் பாத்தாடா நான்…" என்று வரதன் காறித் துப்பினான். துப்பிவிட்டு அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். கூத்தில் பெண் வேஷம் கட்டுவதில்லையா, அதுபோலத்தானே என்றார் சின்னையன். ஆள் ஆளுக்கு வந்து செங்கல்வராயனின் முதுகில் தட்டினார்கள். சினிமாவில் வந்தவன் என்று அவனுக்கு அந்த நிமிஷமே பெயர் ஏறிவிட்டது. சற்று முன் அவன் சொன்ன பொய்யைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

சின்னையன் கன்னியம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆனா நீ கடல்ல எறங்கிட்ட."

"ஆமாமா, எறங்கிட்டா" என்று பல குரல்கள் சேர்ந்துகொண்டன. நாளைக்கு வலையில் எதுவும் விழாவிட்டால் யார் பொறுப்பு என்று ஒருவன் கேட்டான். செங்கல்வராயன் வாய் திறந்தான். "அவ சார்புல நான்…"

"நீ ஒண்ணும் சொல்லவேணாம்" என்றாள் கன்னியம்மா, உட்கார்ந்தபடியே. "எறங்கினது நான். அத்த நானே சொல்லிக்கிறேன். பெரியவரே, இன்னா தண்டனையோ என்னயப் பாத்துச் சொல்லுங்க."

"பொம்பள பேசறா பாரு" என்றான் யாரோ.

"பேசட்டும்" என்றாள் எல்லம்மாள்.

சின்னையன் பெண்கள் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். என்ன கணக்குப் போட்டாரோ, கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வா என்று முடித்துக்கொண்டார்.

மேனேஜர் அன்று மாலையே ஆள் அனுப்பினார். உள்ளூர்க்காரன் நடித்த படம் என்று விளம்பரத் தட்டியில் எழுதி, கூட்டம் சேர்த்துவிட்டார். பெண்கள் வாசலுக்குக் கன்னியம்மாவை விட்டால் ஆள் இல்லை. அவள் திரும்பிப் போனாள். நல்ல வார்த்தை ஒன்று அவர் சொன்னாரா என்று கேட்டேன். "சொன்னாரு. படத்துல போனது நீ இல்லியாமேன்னாரு. நானா இருந்திருந்தா வேல இல்லன்னு அர்த்தம். வேற இன்னா நல்ல வார்த்த?" என்றாள்.

நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் கடைசியாக அவளைப் பார்த்தது அதே வாசலில். எல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். தட்டிக்கு அப்பால், செங்கல்வராயன் வந்ததும் பையன்கள் ஓவென்று கத்தி இடம் கொடுத்தார்கள்.

"வூட்டுல இன்னா சொல்றாரு?" என்று கேட்டேன். அவள் பேச்சு என் வாயிலும் வந்துவிட்டிருந்தது.

"வாய் வரிக்கும் வந்துச்சாம். சொல்லத்தான் இருந்தானாம், அதுக்குள்ள நான் கடல்ல எறங்கிட்டனாம்." டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை என் கையில் கொடுத்தாள். "மெய்யாவும் இருக்கலாம். யாரு கண்டா?"

"நம்பறீங்களா?"

"சோறு போடறேன். கைக்கு எண்ண தேக்கறேன். ஆனா இப்பல்லாம் எங்க பஞ்சாயத்து நடந்தாலும் நானும் போயி நிக்கிறேன். யார் வழக்கா இருந்தாலும் சரி. எல்லம்மாவும் வர்றா. தொரத்தறாங்க, நாங்க போறதில்ல. எம் பேரச் சொல்லி எவன் இன்னா பதில் சொல்றான்னு எங் காதால கேக்கணும்ல?"

மணி அடித்தது. தட்டிக்கு மேல் ஒரு தலை எழும்பியது. கன்னியம்மா மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். அது யார் தலை, செங்கல்வராயன் தலையேதானா என்று அவள் நின்று பார்க்கவில்லை.