சாக்கு கட்டிய ஜன்னல்

அரவை தொடங்கிவிட்டால் சர்க்கரை ஆலையில் எனக்கு நைட் ஷிப்ட்தான். காலையில் வீடு திரும்பும்போது வெயில் பட்டால் கண் மிளகாய் தடவியதுபோல் எரியும். எங்களுடையது ஒற்றை அறை வீடு. நான் பகலில் தூங்கியாக வேண்டுமே என்று என் மனைவி ஜன்னலில் யூரியா சாக்கைக் கட்டி, கதவுச் சந்தில் துணியை அடைத்துவிட்டுக் கரும்பு வெட்டப் போவாள். முட்டி வலியால் வெளியே போக முடியாத என் அம்மாவும் அதே இருட்டில்தான் கிடந்தாள். அது எங்களுக்குத் தப்பாகவே படவில்லை.

இரண்டாவது வருஷ அரவையின்போது அம்மா பகலெல்லாம் தூங்கி, ராத்திரியில் எழ ஆரம்பித்தாள். "விடிஞ்சிடுச்சி, நடவுக்கு ஆளுங்க போய்க்கினு இருக்காங்க" என்று கதவைத் தட்டுவாள். மனைவிக்குத் தூக்கம் போனது. "பகல்ல தூங்கிட்டு ராத்திரியில ஆட்டம் போடுறியா?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? காத்து கருப்பு என்று யாரோ சொல்ல, மந்திரித்த கயிறும் கட்டினோம்.

கடைசியில் கள்ளக்குறிச்சிக்கு, ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் கேட்டதே, "இவங்க இருக்கிற எடத்துல வெளிச்சம் வருதாங்க?" என்றுதான். மனைவி ஜன்னல் சாக்கைப் பற்றிச் சொன்னாள்.

"மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குதுங்க. காலை வெளிச்சம்தான் அதுக்குச் சாவி. இவங்களுக்கு மறதி நோய் இருக்குது. இருட்டுல வச்சி அதை ஜாஸ்தியாக்கிட்டீங்க. தெனம் காலையில வெயில்ல உக்கார வையுங்க."

வீட்டுக்கு வந்ததும் சாக்கைப் பிய்த்து எறிந்தேன். "கண்ணு கெட்டப்பறம் சூரிய நமஸ்காரம்" என்றாள் மனைவி. அவளைக் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. என் தூக்கத்துக்காக அம்மாவின் பகலைப் பிடுங்கியிருந்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து, படுக்காமல், அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் வெயிலில் உட்கார வைத்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை உதறினாள்.

"என்னை உள்ள வுடுய்யா. எம்புள்ள நைட்டு வேலைக்குப் போயிட்டு வந்து தனியாத் தூங்கிக்கினு இருக்கான்."

"நான்தாம்மா உன் புள்ள."

நல்ல வெளிச்சத்தில் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் வாயைக் கையால் பொத்தினாள்.

"மெதுவாப் பேசுய்யா," என்றாள். "அவன் எழுந்துக்கப் போறான்."