இன்டர்மிட்டென்ட் என்னும் நற்சான்று

"இந்த வாய் சோறு கேட்டிருக்கு, லீவு கேட்டிருக்கு, ஒருதரம் மன்னிப்புகூடக் கேட்டிருக்கு. ஆனா ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எவன்கிட்டயும் கேட்டதில்ல. இனிமேலும் கேக்காது."

லிஃப்ட் கம்பெனியின் பட்டறையில், டீ நேரத்தில், பதினோரு பேர் முன்னிலையில் மூத்த மெக்கானிக் இவ்வாறு பிரகடனம் செய்தார். அந்தப் பதினோரு பேரில் அவருடைய மச்சினனும் ஒருவன். மனைவியின் தம்பி, அதே கம்பெனியில் அவருக்கு அடுத்த மெக்கானிக். அவன் மட்டும் டம்ளருக்குள் சிரித்துக்கொண்டான்.

பட்டறையில் மூத்த மெக்கானிக்குக் காரணப்பெயர் ஒன்று இருந்தது: அகராதி. புரட்டியதால் வந்த பெயரல்ல, பிடித்ததால் வந்தது. மற்றபடி தொழிலில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மோட்டார் அறையில் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்பார். பிரேக் விடுகிற சத்தத்தைக் கேட்டே, மூன்றாம் மாடிக் கதவில் கோளாறு என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் மூன்றாம் மாடிக் கதவேதான்.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ஒரு காகிதம் குறுக்கே வந்து படுத்தது. இனி ஒவ்வொரு வேலைக்கும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும், ஒரு பிரதி கட்டடக்காரர்களுக்குப் போகும் என்று கம்பெனி ஆணையிட்டது. அதில் 'பழுது நீக்கியபின் லிஃப்டின் நிலை' என்றொரு கட்டம். முதல் வாரம் முழுவதும் 'ஓகே' என்று எழுதித் தள்ளினார். அப்புறம்தான், அதே கட்டத்தில் மச்சினன் 'நார்மல் கண்டிஷன்' என்று எழுதுகிறான் என்று தெரிந்தது. அக்காவைக் கட்டியவன் ஒற்றைச் சொல், தம்பி இரட்டைச் சொல் என்றால் குடும்பத்தில் ஒழுங்கு எப்படி நிலைக்கும்?

அந்தச் சமயம் பார்த்து, தலைமை அலுவலகத்து எஞ்சினியர் ஒருவர் வந்தார். ஒரு லிஃப்டின் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, 'இன்டர்மிட்டென்ட்' என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். புரியாதவர்கள் கொஞ்சம் பலமாகவே ஆட்டினார்கள். நம்மவருக்கு அந்தச் சொல்லின் கனம் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றை வாங்கினார். புத்தகத்தில் பார்ப்பது யாரிடமும் கேட்பதாகாது என்பது அவர் கண்ட சட்டம்.

அகராதி சொன்னது: நின்று நின்று இயங்குகிற.

அவருக்கு மெய்சிலிர்த்தது. வேறு எவனாவது இதைப் படித்தால் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பான். லிஃப்டுக்காரனுக்கு? மாடிக்கு மாடி நிற்க வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டது இதற்குத்தானே. நிற்காமல் போகிற லிஃப்டை அவர் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் மூன்று நாள் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

ஆகவே மூன்று மாதம், நாற்பத்தொரு அறிக்கைகளில், தம் கையால் குணமான லிஃப்டுகள் அத்தனைக்கும் அதே நற்சான்றை வழங்கினார்.

பலன் சும்மா இருக்குமா? ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கத் தலைவர் அறிக்கையைப் படித்தார். உடனே லிஃப்டைப் பூட்டினார். ஆறாம் மாடிக்காரர்கள் அரிசி மூட்டையும் கையுமாக, படிக்குப் படி கம்பெனியைத் திட்டிக்கொண்டு ஏறினார்கள். நம்மவர் மறுபடி போனார். திருகு திருகாகப் பார்த்தார். குறையே இல்லை. அதே சொல்லை எழுதி, இம்முறை அடிக்கோடும் போட்டுவிட்டு வந்தார். தலைவர் இரண்டாவது பூட்டு வாங்கினார். மூன்றாம் முறை போனபோது, நன்றாக இருக்கிற லிஃப்டைப் பூட்டி வைக்கிற மூளையை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று சங்கத் தலைவரிடமே விசாரித்தார். அதுவும் புகாராகப் போய்ச் சேர்ந்தது.

தலைமை மெக்கானிக் ஓய்வுபெற்று, அந்த நாற்காலி காலியாகக் கிடந்த நேரம் அது. வரிசைப்படி அது நம்மவருக்கு. மேனேஜர் அவரை அழைத்து, நாற்பத்தொரு அறிக்கைகளையும் மேஜைமேல் வைத்தார்.

"என்னங்க இது, எல்லா லிஃப்டும் இன்டர்மிட்டென்ட்டுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். லிஃப்டுன்னா அப்படித்தானே இருக்கணும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அர்த்தம் தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

இங்கேதான் விதி வழிவிட்டது. 'தெரியாது சார்' என்றிருந்தால், பக்கத்து நாற்காலியில் இருந்த கிளார்க்கே சொல்லியிருப்பார். நம்மவரோ, "தெரியாம எழுதுவேனா சார்?" என்றார். அப்படியானால் வேண்டுமென்றே செய்ததாகிறது என்றார் மேனேஜர். நாளைக் காலைக்குள் நாற்பத்தொன்றையும் திருத்தி எழுதிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி மச்சினனுக்கு என்று சொல்லி, அறிக்கைக் கட்டைக் கையில் கொடுத்தனுப்பினார். வாசலில் மச்சினன் நின்றிருந்தான்.

"மாமா, ரொம்ப வெயிட்டா இருக்கா? தூக்கட்டுமா?"

"உன் அக்காவைத் தூக்கிட்டு வந்து இருபது வருஷமா சுமக்கிறேன். இது ஒரு வெயிட்டா?"

வீட்டில், சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம். திருத்த வேண்டும், சரி. எதை எதுவாகத் திருத்துவது? அகராதியை எடுத்தார். நின்று நின்று இயங்குகிற. மறுபடி பார்த்தார். அது சொன்ன சொல் மாறாத அரிச்சந்திரனாக அங்கேயே நின்றது. அகராதியைச் சோபாவில் எறிந்தார். எழுந்துபோய் எடுத்து, தூசி தட்டி, மறுபடி எறிந்தார்.

ஆறு மணிக்கு மனைவி வந்தாள். அரசு மருத்துவமனையில் நர்ஸ். வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவளிடம் கேட்டால் கேட்டது தம்பி காதுக்குப் போகும். தம்பி காதுக்குப் போனால் பட்டறைக்குப் போகும். கேட்காவிட்டால் நாற்காலி தம்பிக்குப் போகும். எப்படிப் பார்த்தாலும் மாமனார் வீட்டுக்கே லாபம்.

"ஆஸ்பத்திரியில இங்கிலீஷெல்லாம் ரொம்ப இருக்காதுல்ல?" என்றார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

பேனா மூடியைப் பத்து நிமிடம் கடித்தார். பிறகு டிவி சத்தத்தைக் குறைத்தார். ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"விட்டு விட்டு வர்றது. காய்ச்சல் சார்ட்டுல எழுதுவோம். காய்ச்சலை அப்படி எழுதுவோம், குணமாயிட்டுப் போற ஆளை எழுத மாட்டோம்."

அவர் நாற்பத்தொரு காகிதங்களையும் பார்த்தார். மேலே இருந்ததில் அந்தச் சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தார். நாற்காலியை வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, குணமாயிட்டா என்ன எழுதுவீங்க?"