தூளிக் கயிறும் ஏழு இஸ்பேடும்

அன்றைக்கு என் கால் தானாக அசைந்ததா, நான்தான் அசைத்தேனா? கார்த்திகை பிறந்ததிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை.

இவருக்கு ஓசூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. அடுத்த வீட்டு மாட்டு டாக்டரின் மனைவிதான் கூப்பிட்டு பிரிட்ஜ் சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் என்னைக் கன்னடத்தில் 'தங்கி', அதாவது தங்கை என்பார். ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் இரண்டு ஜோடிகளும் ஆடுவோம். என் ஏழு மாதக் குழந்தைக்கு அங்கேயே ஒரு தூளி. அதன் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே சீட்டைப் பிடிப்பேன்.

கையில் இருப்பதை, எத்தனை பிடி எடுப்போம் என்று ஆட்டத்துக்கு முன் கேட்கும் ஏலத்தில் மட்டுமே சொல்லலாம், முகத்தில்கூடக் காட்டக் கூடாது என்பது அக்கா முதல் நாளே சொன்ன பாடம். பார்ட்னர்களுக்குள் என்ன ஏற்பாடு இருந்தாலும் எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் 'ஃபோர் நோ டிரம்ப்' என்றால் பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் என்று கேட்பதாக அர்த்தம். 'ஃபைவ் டைமன்' என்று பதில் வந்தால் ஒன்று. ஆனால் ஆட்டினோ இஸ்பேடோ, ஒரு ஜாதிச் சீட்டு கையில் அறவே இல்லை என்பதைச் சொல்ல அதில் வழியில்லை.

ஒரு நாள் வீட்டில் இவர் சிரித்தார். "ஏலத்துல சொல்ல முடியாத சீட்டு வந்தா உன் கால் சும்மா இருக்கிறதில்ல. புள்ள தூங்கினாலும் தூளி ஆடுது." நானும் சிரித்தேன். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அக்கா ஏலத்தில் ஆட்டின் கேட்டார். என்னிடம் ஓர் ஆட்டின்கூட இல்லை. எங்களுக்கு இஸ்பேட் துருப்பு என்று ஆனதும் இவர் ஏஸ் கேட்டார். ஒன்று என்றேன். இவரிடம் இரண்டு. ஆக, ஒரு ஏஸ் எதிராளியிடம். ஆறோடு, அதாவது பன்னிரண்டு பிடியோடு, நிற்பதுதான் முறை. குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. தூளி ஆடியது. இவர் கண் அங்கே போய்த் திரும்பியது. "செவன் ஸ்பேட்ஸ்" என்றார். பதின்மூன்று பிடியும் எங்களுக்கே என்று.

அக்கா, நாங்கள் தோற்போம் என்று டபிள் சொல்லி ஆட்டின் ஏஸை இறக்கினார். இவர் ஆடுவதற்காக நான் முறைப்படி என் சீட்டுகளை மேஜையில் பரப்பினேன். அதிலிருந்து ஒரு சின்ன இஸ்பேடை எடுத்து அக்காவின் ஏஸை இவர் வெட்டினார். ஒரு பிடிகூட விடவில்லை.

"ஒரு ஏஸ் இல்லேன்னு தெரிஞ்சும் எந்த தைரியத்துல போனீங்க?" என்று கேட்டார் அக்கா.

சும்மா ஒரு துணிச்சல்தான் என்றார் இவர். புருஷன் பெண்சாதி மனப்பொருத்தம் என்று டாக்டர் கேலி செய்தார். நான் தூளிக்குள் குனிந்து, நனையாத துணியை மாற்றினேன்.

வீட்டில் கேட்டபோது, தான் எதையும் பார்க்கவில்லை, நானாகக் கற்பனை செய்கிறேன் என்று பேச்சை முடித்துவிட்டார்.

போன வாரம் அக்கா வந்தார். சேலத்தில் பெண்களுக்குப் போட்டியாம். "நீ என் பார்ட்னரா வா, தங்கி. நீ ஏலத்துல என்ன சொல்றியோ, கையில அதுதான் இருக்கும்."

குழந்தைக்குச் சளி, பொங்கல் கழித்துச் சொல்கிறேன் என்றேன். சளி இல்லை.

சொன்னால் இவர் பெயரும் கெடும். நடந்ததே எனக்கு நிச்சயமாகத் தெரியாதபோது இவரைக் காட்டிக்கொடுக்கலாமா? சொல்லாமல் போனால் அக்காவுக்கு எதிரில் எந்த முகத்தோடு உட்காருவேன்? அக்காவுக்குத் தமிழ் படிக்க வராது. அந்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன், அதுவும் வெட்கமாக இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பொங்கலுக்கு முன் யாராவது எழுதுங்கள்.