பூஜ்ஜியத்தில் இருந்த வாடை

பத்திரிகை வேலையை விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியபின், கணினியில் ஒரு சிறு படகு விளையாட்டு எழுதினேன். அதை விளையாட ஒரே ஒருவன்தான். புன்னைக்காயல்காரன், பள்ளித் தோழன், சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால்தான் அவன் போனுக்கு சிக்னல் வரும். பேசுவதற்கு எங்களிடம் அந்த விளையாட்டுதான் மிச்சம் இருந்தது.

அதில் காற்றுகளுக்கு ஒரு எனம் (enum) வைத்திருந்தேன். பெயர்களை வரிசையாக எழுதிவைப்பதுதான் எனம். வடக்கே இருந்து வரும் வாடை, பிறகு கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக் காற்றையும் எழுதினால், கணினி தானாகவே பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்துவிடும். பெயர், படிக்கிற நமக்காக. ஆட்டத்தைப் பாதியில் சேமித்தால் கோப்பில் போவது எண் மட்டும்.

“ஏலே, எப்பவும் காத்தடிச்சுக்கிட்டே இருக்கு. இலை அசையாத நாளும் உண்டுல்லா, அதையும் போடு,” என்று குரல்பதிவு அனுப்பினான். காற்றே இல்லாததுதானே பூஜ்ஜியம்? ‘அமைதி’யை வரிசையின் தலையில் செருகிப் புதிய பதிப்பை அனுப்பினேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவனுக்கு விடுப்பு இல்லை. தூத்துக்குடியிலிருந்து வாடையில் பாய் விரித்துத் தெற்கே வந்து, புன்னைக்காயலுக்குச் சற்று முன்னால், பழைய பதிப்பிலேயே படகைச் சேமித்து வைத்திருந்தான். “அடுத்த துறைமுகத்துல புதுசை எறக்கிட்டு, அதுல கரையேறிருவேன். இப்படியாவது ஊருக்குப் போவோம்.”

அடுத்த துறைமுகத்திலிருந்து கோப்பும் குரல்பதிவும் சேர்ந்து வந்தன.

“படகு நகரமாட்டேங்கு லே. மாதா கோவில் தெரியுது, போக முடியல. அமைதி கேட்டது நான்தான். அதுக்காக என் தலையிலயே கட்டிட்டியே.” சிரித்தான். பின்னால் கப்பலின் சங்கு ஊதியது.

அவன் கோப்பில் காற்று பூஜ்ஜியம். சேமித்தபோது அது வாடை. நான் செருகியதில் மற்றவை ஒவ்வொரு எண் தள்ளிப்போக, பூஜ்ஜியம் அமைதியாகிவிட்டது. அமைதியைக் கடைசிக்கு மாற்றி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்ணை நானே எழுதினேன். இனி நடுவில் எதைச் செருகினாலும் வாடை இடம் மாறாது.

கோப்பைத் திறந்து பார்த்தேன். பாய் புடைத்தது. கோவில் கோபுரம் நெருங்கியது. மணல் தெரிந்ததும் சேமிக்காமல் மூடினேன். இறங்க வேண்டியவன் அவன்.

திருத்திய பதிப்பை அனுப்பினேன். ஒற்றை டிக். அதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் மறுபடி பார்த்தேன். அதே ஒற்றை டிக்.