அக்காவுக்கு ஓர் இடம் தேடி வாவிக்கரையோரம்

இந்த வலைப்பூவில் வழக்கமாகக் கடற்கரைகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான் வரும். போன கிழமை ஒரு வாசகி எழுதியிருந்தார். மறதி நோய் வந்த தகப்பனாரை விடுவதற்கு மட்டக்களப்புப் பக்கம் இல்லம் பார்க்கப் போகிறாராம். எங்கே தங்கலாம், எத்தனை நாள் ஒதுக்கலாம் என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரியில் முடியவில்லை. அதே வேலையாக நானும் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். போர்க்காலத்தில். சமாதானம் தாளில் மட்டும் மிச்சமிருந்த மாதங்கள் அவை.

அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். கல்லடியில் தனியாக இருந்தாள். அத்தான் காலமாகி நெடுங்காலம். ஒரே மகன் குகன் பள்ளிக்கூடம் போகிற வயதில் இயக்கத்துக்குப் போனான். பிறகு அங்கிருந்து ஓடிவந்தான். அக்கா அவனை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்து, இருந்த வயலை விற்று, சுவிசுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "மகன் கொழும்பில படிக்கிறான்" என்ற ஒரே பொய்யைப் பிசகாமல் சொல்லி வந்தாள். மறதி வந்தபோது முதலில் போனது அந்தப் பொய்தான்.

பக்கத்து வீட்டு மலர் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அக்கா விடியற்காலையில் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு இராணுவக் காவலரணுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். என் மகன் இயக்கத்தில் இருந்தவன்தான், இப்போது ஓடி வந்துவிட்டான், அவனை ஒன்றும் செய்யாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். "அண்டைக்கு நிண்டவனுக்குத் தமிழ் தெரியா. அதால தப்பினா. எல்லா நாளும் அப்பிடி இராது. நீங்க வந்து ஒரு வழி பண்ணுங்க," என்றாள் மலர்.

கொழும்புக்குக் கூட்டிவர வழியில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்தது மாடியில் ஓர் அறை. பொலிசில் பதிவு வேண்டும், எந்த நேரமும் சோதனைக்கு வருவார்கள். குகன் சுவிசிலிருந்து யோசனை சொன்னான். "வாவிக்கு அங்கால, படுவான்கரைப் பக்கம் ஒரு இடம் பாருங்களன் சின்னம்மா. அங்க ஆமி இல்லையே." ஆமி இல்லை, இயக்கம் இருந்தது. ஓடிப்போன பிள்ளையை ஒளித்து வைத்த கதையை அவள் அங்கே சொன்னால் என்ன ஆகும்? வாவியின் கிழக்குக் கரையில் அவளுடைய கதையின் முதல் பாதி ஆபத்து, மேற்குக் கரையில் இரண்டாவது பாதி ஆபத்து. முழுக் கதையையும் சொல்லக்கூடிய கரை என்று ஒன்று அந்த மாவட்டத்தில் இருக்கவில்லை.

புறக்கோட்டையிலிருந்து காலை பஸ். முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பொலனறுவைக்கு அப்பால் இரண்டு இடங்களில் எல்லோரையும் இறக்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடக்கவிட்டார்கள். வெயில் சரியும் நேரம் கல்லடிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "ஆராச்சும் பாத்தாங்களா நீ வந்ததை?"

மறுநாள் காலை யோகன் என்ற ஆட்டோக்காரரைப் பிடித்து அக்காவையும் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் புறப்பட்டேன். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. ஆளை நேரில் பார்க்காமல் எடுக்கமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். கல்லடியிலிருந்து நகரம் மூன்று கிலோமீற்றர்கூட இராது. ஆனால் நடுவில் பழைய இரும்புப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். பாலத்தடியில் சோதனைச்சாவடி.

சிப்பாய் குனிந்து எட்டிப் பார்த்தான். நான் அடையாள அட்டைகளை நீட்டி, நோயாளி, வைத்தியசாலைக்குப் போகிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் கையை அசைத்தான். அவனுக்குப் பக்கத்தில் சாதாரண உடுப்பில் ஒரு தமிழன் நின்றிருந்தான். அந்த நாட்களில் இராணுவத்தோடு சேர்ந்து வேலைசெய்த அப்படிப்பட்டவர்கள் சாவடிகளில் நிற்பது வழக்கம். அக்கா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மனே, சாப்பிட்டயா?"

"எங்கம்மா போறீங்க?" என்று அவனும் இணக்கமாகக் கேட்டான்.

"மகனைப் பாக்க. இயக்கத்தில இருந்து ஓடி வந்திட்டான். ஒருத்தருக்கும் சொல்லிராத. நெல் மூட்டைக்குப் பின்னால இருக்கான்."

யோகனின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த ஆள் சிரிப்பு மாறாமல் எங்களைப் பார்த்தான். "வீடு எங்க?" என்று என்னைத்தான் கேட்டான். பொய் சொல்ல முடியாது, அக்காவின் அடையாள அட்டையில் முகவரி இருந்தது. "மகன் வெளிநாடு போய்க் கனகாலம். இவவுக்கு மூளை சரியில்ல தம்பி," என்றேன். "ஓம் ஓம், போங்க," என்றான்.

இல்லம் வாவியைப் பார்த்தபடி இருந்தது. கழுவித் துடைத்த தரை, வரிசைக் கட்டில்கள், நுளம்பு வலை. தலைமைச் சகோதரி வயதானவர், அன்பானவர். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதைத்தார். அதற்குள் அக்கா அவருக்கும் நெல் மூட்டையின் இரகசியத்தைச் சொல்லிவிட்டாள். சகோதரி என்னை வெளியே கூட்டிப்போய் மதிலைக் காட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம் மணல் மூட்டைகளும் ஒரு துப்பாக்கிக் குழலும் தெரிந்தன.

"படுக்கையை நனைச்சா நாங்க கழுவுவம். விழுந்தா தூக்குவம். வாயை என்ன செய்யிற, சொல்லுங்க? இஞ்ச மற்ற ஆக்களும் இருக்காங்க."

கோபிக்கக்கூட ஏதுவில்லாத பதில். அதுதான் அதிகம் கசந்தது.

அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தார்கள். நாலு பேர், அதில் அந்தத் தமிழனும் ஒருவன். நெல் மூட்டைகள் இருந்த அறையில் இப்போது இருந்தவை பழைய கதிரைகளும் ஒரு தையல் மெசினும்தான். அதையும் புரட்டிப் போட்டார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னாலேயே ஓடி, "அங்க இல்லை மனே, இஞ்சால பாருங்க, இந்த மூலையிலதான்," என்று தானே இடம் காட்டினாள். மூலையில் ஒன்றும் இல்லாததைக் கண்டு அவளும் திகைத்து நின்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "என்ட புள்ளையைக் கொண்டு போயிட்டாங்க!" பல வருடங்களாக நடக்காமல் அவள் காத்துவந்த காரியம், அன்றைக்கு அவள் கண் முன்னால் நடந்து முடிந்தது.

குகனின் சின்ன வயதுப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டார்கள். போகும்போது அந்த ஆள் என்னிடம், "மனிசிய வெளிய கொண்டு திரியாதீங்க. எங்கயாச்சும் போடுங்க," என்றான்.

அடுத்த நாள் யோகனுக்கு அழைத்தேன். "குறை நினைக்காதீங்க அக்கா. எனக்கும் குடும்பம் இருக்கு," என்று வைத்துவிட்டார்.

அக்காவை மலரிடம் விட்டுவிட்டுக் கல்முனை பஸ்ஸில் களுவாஞ்சிக்குடிக்குத் தனியாகப் போனேன். கல்லடியிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் வரும்; ஒரு மணி நேரத்தில் போக வேண்டிய தூரத்துக்கு அன்று அரைநாள் போயிற்று. தென்னந்தோப்புக்குள் வெள்ளை அடித்த வீடு. ஆஸ்பத்திரியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவர் நடத்தினார். நான் போனது மதியச் சாப்பாட்டு நேரம். விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சோற்றுத் தட்டு. ஒருவரும் சாப்பிடவில்லை. ஒரு கிழவரின் உதட்டில் ஈ உட்கார்ந்தது. அவர் கையை உயர்த்தவில்லை.

"பாத்தீங்களா, ஒரு சத்தம் இல்ல," என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

"என்ன குடுக்கிறீங்க?"

"குளிசைதான். கத்துற ஆக்களுக்கு ஊசி. உங்கட அக்கா என்ன மாதிரி?"

"கதைப்பா."

"அது ரெண்டு நாளையில சரியாகிரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் என் நாக்கு தடித்துப் போனதுபோல ஓர் உணர்வு.

மலரின் உறவுக்காரர் ஒருவர் மூலம் மூன்றாவது இடம் தெரியவந்தது. நகரத்துக்கு வடக்கே, ஏறாவூர்ப் பாதையில், தன்னாமுனை. நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு. இல்லம் என்று பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. ஓய்வுபெற்ற மருத்துவிச்சி ஒருவர், எல்லோரும் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிறவர், தன் வீட்டில் ஐந்து பெண்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படலையைத் திறக்கும்போதே இரைச்சல். ஒருத்தி வேதக்கோயில் பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். இன்னொருத்தி முற்றத்துக் கோழியைத் தன் மருமகளின் பெயர் சொல்லி ஏசினாள். மூத்திர வாடையும் இருந்தது. கொல்லைப்புறத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது, வரிசை வரிசையாக.

நான் எதையும் மறைக்கவில்லை. மிஸ்ஸி கேட்டுவிட்டுச் சிரித்தார். "இஞ்ச ஒருத்தி தன்ட புருசன் கவர்னர் எண்டு சொல்றா. கதைக்கட்டும் புள்ள. நான் பேறு பாத்த கை. எவ்வளவு கத்தல் கேட்டிருப்பன். முன் படலைக்கு மட்டும் வரப்பொடாது, அவ்வளவுதான்."

அக்காவை அங்கே விட்டேன். போன அன்றே அவள் கோழியை ஏசுகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றாள். நான் கொழும்புக்குத் திரும்பினேன். கிழமைக்கு ஒருதரம் மிஸ்ஸியோடு கதைப்பேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், கோழிக்குத் தீன் போடுகிறாள், மகன் கதையை எல்லோருக்கும் சொல்கிறாள், கேட்டவர்கள் மறந்துவிடுகிறார்கள், மறுகா முதலிலிருந்து சொல்கிறாள் என்பார். அந்த ஒன்றரை மாதம்தான் நோய் வந்த பிறகு அக்கா பயமில்லாமல் இருந்த காலம்.

பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு சுற்றிவளைப்பு. வீடு வீடாகப் புகுந்தவர்களிடம் அக்கா தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை கேட்டவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. மிஸ்ஸியை முகாமுக்குக் கூப்பிட்டு, ஒரு பகல் முழுவதும் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு அனுப்பினார்கள். அவருக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல்.

"என்னால ஏலாது புள்ள. எனக்கு ஒண்டும் இல்ல. மற்ற அஞ்சு பேரையும் ஆர் பாக்கிற?" என்று தொலைபேசியில் அழுதார்.

திரும்பவும் அந்த முந்நூறு கிலோமீற்றர். தன்னாமுனையிலிருந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு, நகரத்தில் பஸ் மாறி, தெற்கே போனேன். பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. மகன், மூட்டை, இயக்கம், ஆமி. நிறைந்த பஸ். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்கள். பக்கத்து ஆசனத்துப் பெண் எழுந்து முன்னால் போய்விட்டாள். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட அந்த வெற்றிடத்தில் உட்காரவில்லை. எல்லோரும் தமிழர்கள். எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு மூட்டை இருந்திருக்கும்.

களுவாஞ்சிக்குடி வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் போனபோது அக்கா விறாந்தையில், சுவரில் சாய்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது, சேலை சுத்தமாக இருந்தது. குளிசையைக் குறைக்க முடியாதா என்று கேட்டேன். "குறைக்கலாம். மறுகா அவ வாயைத் திறந்தா நீங்க வந்து நிப்பீங்களா?" என்றார். அவரை நான் கெட்டவர் என்று எழுதப்போவதில்லை. அவர் இல்லம் சோதனைக்கு ஆளாகவில்லை. அங்கிருந்த ஒருவரையும் யாரும் பிடித்துப்போகவில்லை. அந்தக் காலத்தில் பராமரிப்பு என்பதற்கு அளவு அதுதான்.

குகன் கிழமைதோறும் அழைப்பான். அங்கே யாராவது தொலைபேசியை அக்காவின் காதில் வைப்பார்கள். அவனுக்கு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "அம்மா ஏன் கதைக்கிறா இல்ல, சின்னம்மா?" என்று என்னிடம் கேட்டான். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. வயது போயிற்று என்றேன். இரண்டு மாரி கடந்து அவள் போய்ச் சேர்ந்தாள். அவன் வர முடியவில்லை.

இனி, கேட்ட வாசகிக்கு. இப்போது கல்லடியில் புதுப் பாலம் இருக்கிறது, சாவடி இல்லை. களுவாஞ்சிக்குடிக்கு பஸ் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். தங்குவதற்குக் கல்லடிக் கடற்கரைப் பக்கம் நிறைய அறைகள் உண்டு. மூன்று நாள் ஒதுக்குங்கள்; ஒரே நாளில் எல்லா இல்லத்தையும் பார்த்து முடிக்காதீர்கள். வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் போங்கள், தட்டுகளைப் பாருங்கள். என்ன குளிசை, யார் எழுதித் தந்தது, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூத்திர வாடைக்கு அவசரப்பட்டு மூக்கைப் பொத்த வேண்டாம், கொல்லைப்புறத்தில் கழுவிய துணி காய்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமாக, படலையில் நின்று காது கொடுங்கள். உள்ளே யாராவது பாடினால், ஏசினால், இல்லாத பிள்ளையைக் கூப்பிட்டால், பயப்படாமல் உள்ளே போய்ப் பேசுங்கள். அமைதியாக இருந்தால், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அந்த அமைதிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்காமல் உங்கள் தகப்பனாரை விட்டுவிட்டு வராதீர்கள். இன்றைக்கு நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். பதில் பிடிக்காவிட்டால் அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டும் வரலாம்.